இயந்திரம் கடந்துபோன தீவு

மன்னார்த் தீவில் பழைய ஆலை ஒன்றின் புகைபோக்கியைத் தேடினால் கிடைக்காது. நூல் நூற்கும் ஆலை இங்கே வரவில்லை. இரும்பு உருக்கும் உலையும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கைத்தொழிற் புரட்சிப் பாடம் நடக்கும்போது பிள்ளைகள் மான்செஸ்டரையும் ஜேம்ஸ் வாட்டையும் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பாடத்துக்கும் தங்கள் ஊருக்கும் ஏதேனும் தொடுப்பு உண்டென்று அவர்களுக்கு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் புரட்சி தலைகீழாகப் புரட்டிய கரைகளில் மன்னாரும் ஒன்று. ஆலைகள் எழுந்தது வேறெங்கோ. அவற்றுக்கு வேண்டிய ஆளும் பொருளும் இந்த வழியாகப் போயின. ஆலைகளுக்கு வேண்டாமற்போன பொருள்கள் இந்தக் கரையிலேயே முடிந்துபோயின. இயந்திரம் மன்னாரில் தங்க வரவில்லை, கடந்துபோகவே வந்தது. அது எதை ஏற்றிக்கொண்டு போனது, எதை விட்டுவிட்டுப் போனது என்று பார்த்தால் கடந்த 200 ஆண்டுகளின் கணக்கு ஓரளவு கைக்கு வரும்.

நீராவிக்கு முன் இந்தக் கடலின் நேரசூசியைக் காற்றுத்தான் எழுதியது. சோளகம் எழுந்தால் ஒரு திசை, வாடை திரும்பினால் மறுதிசை. தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில், திருக்கேதீச்சரத்தை ஒட்டியிருந்த மாதோட்டத் துறை அந்தக் காற்றுக் கணக்கில் வாழ்ந்த துறை. 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கே அகழ்ந்தபோது சீனத்துப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டமும் ஒரே மண்ணில் கிடைத்தன. காரணம் எளிது. இராமர் அணையின் மணல் திட்டுகளைப் பெரிய கப்பல் தாண்ட முடியாது. கிழக்கிலிருந்து வந்த சரக்கும் மேற்கிலிருந்து வந்த சரக்கும் இங்கே கை மாறின. ஆழமில்லாத கடல்தான் மாதோட்டத்தின் முதல். இரும்புக் கப்பல் வந்ததும் அந்த முதலே முட்டுக்கட்டையாயிற்று. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது, கொழும்பில் அலைதாங்கி கட்டினார்கள், பெருவணிகம் தெற்கே போய்ச் சேர்ந்தது. மாதோட்டம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அடங்கிவிட்டது என்பது உண்மை. ஆனாலும் இனி அது எழவே முடியாது என்பதை முடிவாக எழுதியது நீராவி.

அந்தக் காலத்தின் மிச்சமாக இன்றும் மன்னார்த் தெருக்களில் கழுதைகள் நிற்கின்றன. அரபு வணிகர் சுமை இழுக்கக் கொண்டுவந்தவை என்பார்கள். பள்ளிமுனையில் பருத்து நிற்கும் பெருக்க மரத்தையும் அவர்கள் கணக்கில்தான் எழுதுவார்கள். மாட்டு வண்டியும் பின்னர் லொறியும் வந்தபின் கழுதையின் முதுகில் சுமை ஏற்ற ஆளில்லை. இப்போது அவை பேருந்து நிலையத்தைச் சுற்றித் திரிந்து, கடைக் குப்பையைக் கிளறி, இரவில் வாகனத்தில் அடிபட்டுக் காலொடிகின்றன. அவற்றுக்கென ஒரு மருத்துவ நிலையம் நடக்கிறது. வேலையிழந்த தொழிலாளிக்கு இந்த நாட்டில் கிடைக்காத சலுகை.

இயந்திரம் மன்னாரைத் தொட்டது கப்பலாலும் ரயிலாலும் மட்டுமல்ல. ஜெர்மனியின் ஒரு வேதியியல் ஆய்வுகூடத்திலிருந்தும் தொட்டது. இங்கத்தைய மணலில் தானாக முளைக்கும் சிறு செடி சாயவேர். தரையோடு கிடக்கும் அதன் வேரைக் காய்ச்சினால் துணிக்கு ஏறும் சிவப்பு வரும். ஒல்லாந்தர் காலத்தில் அது அரசின் ஏகபோகம். குறிப்பிட்ட குடியினர் அதைக் கிண்டியெடுத்து ஒப்படைப்பதை ஊழியமாகச் செய்ய வேண்டியிருந்தது. ஆங்கிலேயரும் சில காலம் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. வேரின் சிவப்புக்குக் காரணமான பொருள் அலிசரின். 1869இல் கிரேபே, லீபர்மன் என்ற இரு ஜெர்மானியர் அதே அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து செய்து காட்டினார்கள். சில ஆண்டுகளில் ஆலைச் சாயம் பீப்பாய் பீப்பாயாக இறங்க, உலகமெங்கும் சாயவேர்களின் சந்தை படுத்தது. மன்னாரின் வேர் மணலிலேயே கிடந்தது. கிண்டியவர்களுக்கு இது இழப்பா விடுதலையா என்று கேட்டால் சட்டென்று ஒரு பக்கம் சாய எனக்கு மனம் வரவில்லை. கட்டாய ஊழியம் தொலைந்தது நல்லது. கைவேலையும் கூடவே தொலைந்தது.

ஆள் ஏற்றிய கதை இதைவிடப் பெரியது. 1830கள் முதல் கண்டி மலையில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. லண்டன் ஆலைத் தொழிலாளி காலையில் குடிக்கும் கோப்பைக்கு மலையில் செடி நட ஆள் வேண்டியிருந்தது. புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சைப் பக்கத்துப் பஞ்சம் ஆள் தந்தது. தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் துறைகளில் தோணியிலும் வள்ளத்திலும் ஏறியவர்கள் தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கினார்கள். அங்கிருந்து நடை. மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. 200 கிலோமீட்டருக்கு மேல், பாதிக்கு மேல் வறண்ட காடு. கங்காணி முன்னே நடப்பான். குளம் வற்றிய மாதமென்றால் தண்ணீருக்கு அலைச்சல். வாந்திபேதி பிடித்தவர்களைப் பாதையோரத்திலேயே விட்டுவிட்டுக் கூட்டம் நகரும். அந்த வடக்குப் பாதையில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களைப் பேர் சொல்லி எழுதிவைத்தவர் எவருமில்லை. சாக்குக் கணக்கில் கோப்பி எவ்வளவு ஏற்றுமதியானது என்பதற்குப் பேரேடு உண்டு.

இந்தப் பாதையைப் பற்றி நினைக்கும்போது ஒரு விஷயம் உறுத்தும். கோப்பியைக் கொழும்புத் துறைக்கு இறக்க 1867இலேயே கண்டி வரை ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மலைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து ரயில் ஏற அதன்பின் 47 ஆண்டுகள் பிடித்தன. சரக்குக்கு முதலில் சக்கரம் கிடைத்தது, ஆளுக்குப் பிறகு.

1914இல் அதுவும் வந்தது. பெப்ரவரி 24ஆம் திகதி பாம்பன் பாலம் திறந்தார்கள். மார்ச் 1ஆம் திகதி தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் விட்டார்கள். மதவாச்சியிலிருந்து தலைமன்னார்த் துறைமேடை வரை 106 கிலோமீட்டர் புதுப் பாதை. கடலைக் கடக்க கிளாஸ்கோவில் கட்டிய மூன்று நீராவிக் கப்பல்கள்: கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். மூன்றும் வைஸ்ராய்களின் பெயர். பின்னால் இர்வின், கோஷன் என்ற இரண்டு சேர்ந்தன. ஏறக்குறைய 35 கிலோமீட்டர்க் கடல், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கொழும்புக் கோட்டையில் வாங்கிய ஒரே சீட்டில் சென்னை எழும்பூர் வரை போகலாம். தோணிக்காரன் காற்றுக்காகக் கரையில் காத்துக் கிடந்த கடல் அது.

ரயிலே கடலைத் தாண்டலாமே என்ற யோசனையும் முன்னே இருந்தது. மணல் திட்டுகளின் மேல் பாலம் போடத் திட்டம் வரைந்தார்கள். செலவு பார்த்துக் கைவிட்டார்கள். போட்டிருந்தாலும் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. இந்தப் பக்கம் தண்டவாள அகலம் ஐந்தரை அடி. அந்தப் பக்கம் மீட்டர் பாதை. ஒரே அரசரின் ஆட்சி, ஒரே சீட்டு, இரண்டு அகலம்.

வேகம் வந்ததும் கண்காணிப்பும் அதே வேகத்தில் வந்தது. நடைப்பாதைக் காலத்தில் ஒருவன் காட்டில் நழுவிக் காணாமல் போகலாம். ரயில் காலத்தில் முடியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டி ஆள் அனுப்பும் முறை நடப்புக்கு வந்தது. பொதியில் விலாசம் ஒட்டுவதுபோல. மண்டபத்தில் முகாம் அமைத்து நோய் பார்த்து, அம்மை குத்தி, நாள் கணக்கில் தங்கவைத்தபின் தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து நேரே மலைநாட்டுக்கு ரயில். மன்னார் மண்ணில் கால் ஊன்றவும் தேவையில்லை. துறைமேடையில் இறங்கி எதிரே நிற்கும் பெட்டியில் ஏறினால் போதும். வடக்குப் பாதையின் சாவு குறைந்தது. அதில் மறுபேச்சில்லை. பாதையோரத்துத் தங்குமடங்கள் ஓய்ந்தன. மன்னார் ஒரு ஊரென்பது போய், சன்னலில் அரை மணி நேரம் ஓடி மறையும் பனங்காடாயிற்று.

தீவுக்காரருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால் பொய். துறைமேடையில் சுமை தூக்கும் வேலை, சுங்கத்தில் வேலை, ரயில்வே விடுதிகள், கருவாட்டைக் கூடையில் கட்டிக் கொழும்புக்கு அனுப்ப ஒரு வழி. நாட்டுக் கள்ளும் பனாட்டும் விற்ற பெண்களுக்கு வண்டி நேரம் சந்தை நேரமாயிற்று. சேலையும் தங்கமும் சுங்கக்காரர் கண்ணுக்குத் தப்பிய கதைகள் தலைமன்னாரில் இன்னும் வற்றவில்லை.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டி ஆட்களோடு கடலுக்குள் போனது. மன்னார்க் கரையும் அதே புயலில் சிதைந்தது. கப்பல் பிறகு இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்குமாக ஓடியது. அந்தப் புயலுக்கு இரண்டு மாதம் முன்னே, ஒக்டோபர் 30ஆம் திகதி, டில்லியில் வேறொரு புயல் கையெழுத்தாகியிருந்தது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்பது அதன் கணக்கு. 70களில் பதுளை, அட்டன், கண்டி நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குக் குடும்பம் குடும்பமாக ரயிலேறினார்கள். பித்தளைக் குடமும் தகரப் பெட்டியும் கட்டிய மூட்டையும் ஏற, மேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் சேர்ந்து அழுத அழுகையால் அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று மலையகம் பெயர் வைத்தது. பாட்டன் நடந்தோ தகரத் துண்டோடோ வந்த பாதையில் பேரன் மறுதிசையில் போனான். அதே மண்டபம் முகாம் அவனை வாங்கிக்கொண்டது. ஆள் ஏற்றவென்று போட்ட தண்டவாளம், வேண்டாமென்றபோது ஆளைத் திருப்பி அனுப்பவும் ஒத்துழைத்தது. தொழில்மயமான போக்குவரத்தைப் பற்றிய பாடப்புத்தகங்கள் இந்த இரண்டாவது பயணத்தைச் சேர்ப்பதில்லை.

1984இல் போர் அந்தக் கப்பலை நிறுத்தியது. திருப்பி அனுப்புவதும் அதோடு நின்றது. இந்தியப் பக்கத்தில் சென்னை - இராமேஸ்வரம் வண்டியை இன்றைக்கும் போட் மெயில் என்றுதான் அழைக்கிறார்கள். ஏறிப் பார்த்தால் போட்டும் இல்லை, மெயிலும் இல்லை.

முத்தின் கதையில் இயந்திரம் வேறு விதமாக வந்தது. சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டி என்று நீளும் கரைக்கு எதிரே கடலடியில் முத்துப் பார்கள். குளிகாரர் காலில் கல்லைக் கட்டி இறங்குவார். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். சுறா அண்டாமல் மந்திரிக்கக் கடற்கட்டி ஒருவர் இருப்பார், அவருக்கும் அரசாங்கமே படி கொடுத்தது. எடுத்த சிப்பியை மூன்று பங்காக்கி ஒன்று குளிகாரருக்கு, இரண்டு அரசுக்கு. அரசின் பங்கு ஏலம் போகும். வாங்கியவர்கள் சிப்பியை அழுகவிட்டுக் கழுவி முத்துப் பொறுக்குவார்கள். நாற்றம் மைல் கணக்கில் அடிக்கும். 1802ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆளுநர் பிரடெரிக் நோர்த் அரிப்பில் ஒரு மாளிகை கட்டியதே இந்தக் குளிப்பை மேற்பார்க்கத்தான். கடல் அரித்து, அதன் சுவர்கள் பாதி சரிந்து நிற்கின்றன.

20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் விஞ்ஞானி வந்தார். லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் பார்களை ஆராய்ந்து, சிப்பிக் குஞ்சை இடம்மாற்றி வளர்க்கலாம், குளிகாரர் இல்லாமலே கடலடியை வாரி எடுக்கலாம் என்றெல்லாம் அறிக்கைகள் எழுதினார். 1905இல் குளிப்பு அமோகம், 8 கோடிச் சிப்பிக்கு மேல். அந்தக் கொழுத்த ஆண்டைப் பார்த்துச் சபலப்பட்ட ஒரு லண்டன் கம்பெனி 1906இல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. அந்த ஆண்டுக் குளிப்பில் மறிச்சுக்கட்டியில் மேற்பார்வை செய்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். பின்னாளில் எழுத்தாளர், வர்ஜீனியா வூல்ஃபின் கணவர். காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரம் எழுந்து, அரபிக் குளிகாரரும் கீழக்கரை மரைக்காயர்களும் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் அங்கே கூடினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பார்கள் வெறுமையாயின. பங்கு வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொள்ள, கம்பெனி 1912இல் கலைந்தது. சிப்பி எந்த ஆண்டு பார் முழுக்க இருக்கும், எந்த ஆண்டு ஒன்றுமில்லாமல் போகும் என்பது பங்குச் சந்தையின் காலாண்டுக் கணக்கில் அடங்கவில்லை.

கடைசி அடி ஜப்பானிலிருந்து வந்தது. மிகிமோத்தோ 1893இலேயே சிப்பிக்குள் கரு வைத்து அரை முத்து விளைவித்திருந்தார். 1920களில் முழு உருண்டை வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்ததும் கடலடி முத்தின் விலை உடைந்தது. சாயவேருக்கு ஆனது முத்துக்கும் ஆயிற்று. மன்னாரில் வளர்ந்ததைத் தொலைவில் ஒருவர் செய்யக் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான். செய்யும் இடம் மன்னாருக்கு வந்ததே இல்லை. முருங்கன் களிமண்கூட 1950களில் காங்கேசன்துறைக்குப் போய்த்தான் சீமெந்தாகியது. உப்பு ஒன்றுதான் விதிவிலக்கு. மன்னார் உப்பளத்தில் இன்றும் வெயில் காய்ச்ச, ஆள் வாரிக் குவிக்கிறார்கள். அதையும் பெருமையாகச் சொல்ல முடியாமல், மழை கெடுத்த விளைச்சலால் இலங்கை 2025 தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது.

மீன்பிடியில்தான் இயந்திரம் நிஜமாகக் கரையேறித் தங்கியது. பேசாலைக் கரையில் நின்று பார்த்தால் அடுக்கடுக்காக நிற்பவை கண்ணாடியிழைப் படகுகள். எதிலும் பாய்மரம் இல்லை. பின்னணியத்தில் வெளியிணைப்பு எஞ்சின், அதைச் சுற்றிப் பழந்துணி, ஓரத்தில் நீல நிற எண்ணெய்க் கொள்கலம். 1950களின் கடைசியில் தொடங்கி 60களில் எஞ்சினும் நைலோன் வலையும் பரவின. அதற்கு முன் பருத்தி நூலில் கையால் முடைந்த வலை. கடலால் வந்ததும் அதைக் கழுவி, மணலில் விரித்துக் காயவைத்து, இடைக்கிடை மரப்பட்டை ஊறவைத்த நீரில் தோய்க்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பில் இற்றுப்போகும். வீட்டுத் திண்ணையில் வலை முடைவதும் பட்டை அவிப்பதும் வீட்டு வேலைகளாக இருந்தன. நைலோனுக்குத் தோய்ச்சலும் வேண்டாம், காய்ச்சலும் வேண்டாம். ஆனால் கடலில் அறுந்து தொலைந்த பருத்தி வலை உக்கிப்போகும். தொலைந்த நைலோன் வலை, யாரும் எடுக்காத மீனை வருடக்கணக்காகப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

எஞ்சினோடு கடனும் ஏறியது. பாய்க்குக் காற்று இலவசம். மண்ணெண்ணெய்க்குச் சம்மாட்டியிடம் முன்பணம் வாங்க வேண்டும், வாங்கினால் மீனை அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். முன்பும் சம்மாட்டிக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். இப்போது கட்டு லீட்டர்க் கணக்கில் வந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கயிற்றை 2022 இழுத்துக் காட்டியது. நாடு டொலர் இல்லாமல் முடங்கியபோது மாதக்கணக்கில் மண்ணெண்ணெய் இல்லை. ஓகஸ்ட் 22ஆம் திகதி ஒரு லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டுத் துடுப்பையும் பாயையும் எடுத்தவர்கள் உண்டு. இளைய தலைமுறைக்குப் பாய் கட்டத் தெரியவில்லை. தெரிந்த முதியவர்களைக் கூட்டிவந்து காட்டச் சொல்ல வேண்டியிருந்தது.

கரைவலையை நின்று பார்ப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தோணி வலையை அரை வட்டமாக வளைத்துவிட்டுக் கரை திரும்பும். இரண்டு தலைக் கயிறும் கரையில். முன்பு ஒவ்வொரு கயிற்றிலும் பதினைந்து இருபது பேர் தொற்றி, குதிகாலை மணலில் ஊன்றிச் சாய்ந்து இழுப்பார்கள். இழுப்புக்குத் தாளம் அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் வாங்குவார்கள், வரி முடியும் இடத்தில் கை விழும். மடி கரையை அண்டும்போது பாட்டு வேகம் கூடும். இப்போது பல இடங்களில் கயிற்றின் தலை உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிய உருளையில் சுற்றப்படுகிறது. ஒருவர் இருக்கையில், ஒருவர் கயிறு பிசகாமல் பார்த்துக்கொள்ள. டீசல் உறுமலுக்கு மேல் பாட்டு எடுபடாது, தேவையும் இல்லை. இதைத் தடுக்க வேண்டும், கடலடியைக் கிளறுகிறது என்று ஒரு பக்கம் வழக்காடுகிறார்கள். இழுப்பவர்களைக் கேட்டால், “கயிறு பிடிக்க ஆள் எங்க தம்பி?” என்பார்கள். முன்பு இழுத்தவர்களின் பங்கு எங்கே போனது என்று கேட்டால் பதில் வராது. அவர்களின் மக்கள் பிரான்சிலும் கட்டாரிலும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. எஞ்சின் ஆளைத் துரத்தியதா, ஆள் போனதால் எஞ்சின் வந்ததா என்று பிரித்தெடுப்பது கடினம்.

எதிர்க்கரையிலும் இயந்திரம் ஏறியது. 1950களில் நோர்வே உதவியோடு இந்தியாவில் தொடங்கிய மீன்பிடித் திட்டம் இறால் ஏற்றுமதிக்கு வழி திறந்தது. கடலடியை வழித்தெடுக்கும் இழுவைமடிப் படகுகள் பெருகின. 1974, 1976 இந்திய - இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் எல்லைக் கோடு போட்டன. இந்தியக் கரையோரம் வறண்டதும் அந்தப் படகுகள் கோட்டைத் தாண்டின. வாரத்தில் மூன்று இரவு, றோலர் எனப்படும் அந்த இழுவைமடிப் படகுகள் வரும். அந்த இரவுகளில் மன்னார்க்காரர் வலை விடுவதில்லை. விட்டால் வலை கிடைக்காது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. பேசாலையிலும் இழுவைமடி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் கதை ஒரு பக்கக் கதையாகிவிடும். இரு கரையும் ஒரே மொழி, ஒரே அந்தோனியார். கச்சதீவுத் திருவிழாவில் சேர்ந்து திருப்பலி பார்த்துவிட்டு, அடுத்த வாரம் ஒருவர் வலையை மற்றவர் அறுக்கிறார்.

போர்க்காலம் இந்தக் கடிகாரத்தைப் பின்னோக்கிச் சுழற்றியது. 1990இல் மன்னார்ப் பாலம் தகர்ந்தது. தண்டவாளம் பெயர்ந்தது, சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிக்குப் போயின. எஞ்சினின் குதிரைவலுவுக்கும் எண்ணெய்க்கும் கட்டுப்பாடு. அந்த ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய எருக்கலம்பிட்டி முஸ்லிம்கள் படகுகளில் கற்பிட்டிக்குப் போனார்கள். தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் அகதிகள் இருட்டில் தனுஷ்கோடி மணலுக்குப் போனார்கள். துறைமேடையும் கப்பலும் வருவதற்கு முன் தோணி போன அதே வழி. அந்த வழியில் கடலில் போனவர்களும் உண்டு.

போர் முடிந்த 2009க்குப் பிறகு எல்லாம் புதிதாக வந்தது. ஜப்பான் உதவியில் 2010 மார்ச்சில் புதுப் பாலம். இந்தியக் கடனில் ஒரு இந்திய நிறுவனம் போட்ட ரயில்பாதை 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னாரை எட்டியது, இந்தியப் பிரதமர் மோடி கொடியசைத்தார். கொழும்பு வண்டி மீண்டும் துறைமேடை நிலையம் வரை வரத் தொடங்கியது. இறங்கி நடந்தால் பழைய துறைமேடை துருப்பிடித்த இரும்புக் கால்களோடு கடலுக்குள் ஒடிந்து நிற்கும். பக்கத்தில் 1915இல் கட்டிய வெளிச்சவீடு. மணல் திட்டு பார்க்க வந்த சுற்றுலாக்காரர் படம் எடுப்பார்கள்.

காற்றுக்கும் புது வேலை கிடைத்தது. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலை. 30 கோபுரம், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற், மொத்தம் 103.5. சுழலியின் விட்டம் 126 மீட்டர். முன்பு தோணிக்காரன் நாள் பார்த்திருந்த அதே சோளகம்தான் இப்போது மாதக்கணக்கில் இதைச் சுழற்றுகிறது. மின்சாரம் நடுக்குடா உபமின் நிலையத்துக்குப் போய், 220 கிலோவோல்ட் கம்பியேறி அநுராதபுரம் வழியாக நாட்டுக்குப் பிரிகிறது. கம்பியின் கீழே, கோபுரம் சுழலும் ஊர்களில், படகு ஓட்ட மண்ணெண்ணெய்தான். இந்தியாவின் அதானி குழுமம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக்குத் திட்டம் போட்டு 2025 பெப்ரவரியில் விலகியது. வேறு நிறுவனங்களின் கோபுரங்களுக்கு இடம் தயாரானபோது அந்த ஆண்டு ஓகஸ்டில் மன்னார் நகரில் மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். இலுமனைற்று மணல் எடுப்பதற்கும் சேர்த்தே எதிர்ப்பு. கோபுரங்களுக்குப் போட்ட பாதையும் மேடையும் வெள்ளம் வடியும் வாய்க்காலை அடைத்துவிட்டன, ஊருக்குள் தண்ணீர் நிற்கிறது, மீன் கரையை விட்டு விலகுகிறது என்பது அவர்கள் முறையீடு. வலசைப் பறவைகள் இறங்கும் வங்காலைச் சதுப்பு பக்கத்தில்தான். காற்றாலையே கூடாதென்று சொல்ல நான் துணியமாட்டேன். நாடு எண்ணெய்க்கு டொலர் தேடி அலைந்த 2022ஐ மறப்பதற்கில்லை. ஆனால் ஒடுங்கிய தீவு இது. எவ்வளவு கோபுரத்தை இந்த மணல் தாங்கும் என்பதைத் தீவுக்காரரோடு உட்கார்ந்து பேசாமல் கொழும்பில் வரைபடம் போட்டதுதான் தவறு. சாயவேரைக் கிண்டச் சொன்னவரும் முத்துப் பாரைக் குத்தகைக்கு விட்டவரும் அப்படியேதான் செய்தார்கள்.

2025 ஏப்ரல் 6ஆம் திகதி காலையில் மோடி அநுராதபுரத்தில் வடக்கு ரயில் பாதையின் புதுப்பித்த பகுதியொன்றைத் தொடக்கிவைத்தார். அங்கிருந்து மணல் திட்டுகளின் மேலாகப் பறந்து இராமேஸ்வரம் போய், செங்குத்தாகத் தூக்கும் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார். இரண்டு கரையிலும் ரயில் தயார். நடுவில் கப்பல் இல்லை. தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பலை மீட்கப் பேசத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகப்போகிறது. இன்று தலைமன்னார்க்காரர் ஒருவர் இராமேஸ்வரத்தில் உள்ள உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் பேருந்து பிடித்துக் கொழும்புக்கோ பலாலிக்கோ போய் விமானம் ஏறலாம். அல்லது காங்கேசன்துறை போய், கடல் விட்டால், நாகப்பட்டினக் கப்பலில் ஏறி, அங்கிருந்து தெற்கே திரும்பி வரலாம். 1914இல் இரண்டு மணி நேரம்.